வைரமணி மஹாலுக்கு ஒரு வைடு லென்சு

ஆனி 3, திங்கள்

வைரமணியைப் பழிவாங்கப் போகிறேன். நடுவில் மனசு இளகிவிடக் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் மைக் செட்டு சோலையப்பன். மதுரைக்குள் எத்தனையோ கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியவன். படிப்பு எட்டாவதோடு சரி. கணக்கு வாத்தியார் குடைக்குள் ஓணானை விட்டேன், அதற்கு மேல் படிக்க அவர் விடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் என் கடைக்குட்டி நாகஜோதிக்குக் கல்யாணம். மண்டபம், வைரமணி மஹால். மண்டபத்துக்காரன் கம்ப்யூட்டரில் போட்டிருந்த படத்தில் பந்திக்கூடம் ரயில்வே பிளாட்பாரம் மாதிரி நீண்டு அகன்று கிடந்தது. கல்யாணத்தன்று பார்த்தால் ரயில் பெட்டி. எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் நடுவில் சாம்பார் வாளி போகவில்லை. சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் சுவர்.

மாப்பிள்ளையின் அப்பா தவமணி, ரிட்டயர்டு ஏட்டு. திருமங்கலத்துக்காரர். ஆள் பீரோ மாதிரி இருப்பார். அவரும் நாற்காலியைப் பிடித்து நின்றார். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு ஒல்லிப்பயல் இடுக்கில் நுழைந்து உட்கார்ந்துவிட்டான். கடைசியில் சம்பந்தி கை நனைக்காமலேயே வேனில் ஏறிவிட்டார். பெண் வீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளையின் அப்பா கை நனைக்கவில்லை என்றால் அது எப்பேர்ப்பட்ட வசை என்று எழுதி வேறு காட்ட வேண்டுமா?

நான் வைரமணியிடம் ஓடினேன். அவன் பல் குத்திக்கொண்டே சொன்னான்:

"படத்துல இருக்கிறது பூராம் இங்க இருக்கா இல்லையா? ஒரு செவுரு கொறையுதா? ஒங்க சம்பந்திய வேணா கொஞ்சம் எளைக்கச் சொல்லுங்க."

வேன் ஜன்னலுக்குள் இருந்த சம்பந்தியின் காது வரை அது கேட்டது. அன்றே சொல்லிவிட்டார், ஆடிக்குப் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று. கல்யாணமாகி வரும் முதல் ஆடிக்குப் பெண்ணை அழைத்து வராவிட்டால் தெரு என்ன பேசும்!

எனக்கு ஒன்றும் இல்லை. ஏங்குகிறவள் என் சம்சாரம் சீனியம்மாதான். நேற்று இரண்டு பேருக்கு மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டாள். வைத்தது நான் என்கிறாள்.

பழிவாங்கும் விதம்: மஹாலுக்கு எதிரே டீக்கடைச் சுவரில் ஒரு பெரிய பிளெக்ஸ். திட்டி அல்ல, பாராட்டி. அதில் அந்தப் பந்திக்கூடம் உள்ளபடி எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு படம். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்க வருகிறவர்கள் ஆடியில்தான் வருவார்கள். வரட்டும். டீ குடித்துக்கொண்டே பார்க்கட்டும்.

இதைச் சொன்னால் சீனியம்மா, "அட்வான்ஸ் குடுக்க முந்தி ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்கன்னு தலையால அடிச்சேன்ல?" என்கிறாள். அவளுக்குச் சர்க்கரை. ஞாபகம் முன்னேபின்னே இருக்கும்.

ஆனி 5, புதன்

மஹாலில் ஒரு வளைகாப்பு. கூட்டத்தோடு நுழைந்து செல்போனில் பந்திக்கூடத்தைப் பிடித்தேன். முழுசாக விழவில்லை. பின்னால் போகலாம் என்றால் சுவர் முதுகில் இடித்தது. பாதிக் கூடமும் ஒரு ஆளின் காதும் விழுந்தன.

பிளெக்ஸ் கடைப் பையன் அதைப் பெரிதாக்கிக் காட்டினான். "தாத்தா, இத அடிச்சா உப்புமா மாதிரி பொலபொலன்னு வரும். நல்ல கேமராவுல எடுத்துட்டு வாங்க."

தாத்தாவாம். அவன் கடை வாசலில் கிடந்த செருப்பை ஜோடி மாற்றி வைத்துவிட்டு வந்தேன்.

ஆனி 7, வெள்ளி

இன்னாசி ஸ்டுடியோவுக்குப் போனேன். இன்னாசிக்கு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவன் கல்யாணத்தில் மைக் கட்டியவன் நான்தான். "மாப்பிள்ளை எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று அவன் மேடையில் இருக்கும்போதே அறிவித்து அவன் மாமனாரைப் பதற வைத்தேன்.

"என்னண்ணே, பாஸ்போர்ட் சைசா? பின்னால மாலை போட வசதியா பெருசா ஒண்ணு எடுத்துருவமா?" என்றான்.

"ஒனக்கு முந்தி போறதா இல்லடா. ஒரு எடத்தப் படம் புடிக்கணும். எடம் குறுகல், பின்னால நகர முடியாது, ஆனா முழுசா விழணும். பத்தடிக்குப் பெருசாக்கினாலும் எலையில கெடக்கிற ஊறுகா தெரியணும்."

"அதுக்கு வைடு லென்சுதான்." கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். குண்டாக ஒன்று, கண் பிதுங்கிய மாதிரி. "இது மீன் கண்ணு. ரூம் பூராம் விழுகும். ஆனா செவுரெல்லாம் பானை மாதிரி வளையும்."

"அப்ப வேணாம். ஏற்கெனவே சம்பந்திக்கு வயிறு இருக்கு."

அடுத்து ஒன்று. திருகினால் பதினாறில் தொடங்கி முப்பத்தஞ்சு வரைக்கும் போகும் என்றான். நம்பர் சிறுசாக ஆக அகலம் கூடுமாம்.

"அப்ப பதினாறுலயே வைடா. இருக்கதுலயே அகலமானது எதுவோ அது."

"அண்ணே, அகலம்ங்கிறது..."

"கேட்டதக் குடுடா. எட்டாங் கிளாஸ்லயே வாத்தியார் சொல்றதக் கேக்காதவன் நான்."

காமிராவுக்கும் லென்சுக்கும் வாடகைக்குப் பதில் என் பழைய பித்தளைக் குழாய் ஸ்பீக்கரைக் கேட்டான். ஸ்டுடியோவில் அழகுக்கு வைப்பானாம். கொடுத்தேன். பழிக்காகக் கொடுக்கிறேன், பரவாயில்லை. திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்தது. காமிரா இருந்த கையைச் சொல்லவில்லை.

ஆனி 8, சனி

பழகுவதற்கு எங்கள் அடுப்படியைப் பிடித்தேன். எங்கள் அடுப்படியில் சீனியம்மா குனிந்தால் நான் வெளியே நிற்க வேண்டும். மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, காமிராவை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, பதினாறில் வைத்து அமுக்கினேன்.

படத்தைப் பார்த்தால் அரண்மனை! தரை ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. கிட்டத்தில் இருக்கும் குடம் ஆள் உயரம். அடுப்பு எங்கேயோ பக்கத்துத் தெருவில். அதற்கு முன்னால் சீனியம்மா தீப்பெட்டி மாதிரி நிற்கிறாள்.

"ஏங்க, நம்ம அடுப்படியா இது?" என்று வாயில் கை வைத்தாள். உடனே சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் நாகஜோதியின் குரல் வந்தது, போனில் பேசி அனுப்பியிருந்தாள். "யப்பா, எங்கள வெரட்டிட்டு வீட்டப் பெருசா கட்டிட்டீகளா? நல்லா இருங்க." பின்னால் அவள் சிரிக்கிற சத்தம். சீனியம்மா ஒரு தரம் கேட்டாள். போன் பழுதா என்று சோதிக்க நான் சில தரம் கேட்டேன்.

பிறகுதான் உறைத்தது. வைரமணி செய்தது இதேதான். அவன் படத்தை எடுத்தவனும் மூலையில் ஒட்டிக்கொண்டு, காமிராவைத் தாழ்த்தி, இந்த மாதிரி ஒன்றால்தான் எடுத்திருக்கிறான். இதே லென்சால் நான் பந்திக்கூடத்தை எடுத்தால் அவனுக்கு இலவச விளம்பரம் செய்த மாதிரி.

ஆனி 9, ஞாயிறு

புது அடுப்படியைப் பார்க்க சீனியம்மாவின் தங்கை சோழவந்தானிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். பார்த்தாள். என்னோடு பேசாமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

ஆனி 10, திங்கள்

இன்னாசி சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"அண்ணே, லென்சு மேல தப்பு இல்ல. நிக்கிற எடந்தான் கோளாறு. மூலையில ஒட்டி, கிட்டத்துல ஒரு சாமானத்த வச்சு எடுத்தா அது மலை மாதிரி தெரியும், தூரத்துல உள்ளது கடுகு. தானா எடம் பெருசான மாதிரி ஆயிரும். உள்ளது உள்ளபடி வேணும்னா வாசப்படி நடுவுல நில்லுங்க. எவ்வளவு பின்னால போக முடியுமோ போங்க. அப்புறம் பாத்துப் பாத்துத் திருகுங்க, எடம் எப்ப முழுசா விழுகுதோ அதோட நிறுத்திக்கங்க. அதுக்கு மேல அகலம் வச்சா அது ஆசை. இருபத்திநாலு போதும்னு நெனைக்கிறேன்."

"வேற?"

"நெஞ்சு ஒசரத்துல ஸ்டாண்டு. மேலயும் சாய்க்காம கீழயும் சாய்க்காம மட்டமா. சாஞ்சா தூணெல்லாம் குடிகாரன் மாதிரி சாயும். ஓரத்துல ஆள் நிக்க வைக்காதீங்க, ஓரத்துல நின்னா தலை பூசணிக்கா மாதிரி இழுத்துரும். எட்டுன்னு ஒரு நம்பர் இருக்கு பாருங்க, அதுல வச்சா முன்னால இருக்கிற எலையிலேர்ந்து பின்னால இருக்கிற செவுரு வரைக்கும் கூர்மை. ஆனா வெளிச்சம் கம்மியாத்தான் உள்ள போகும், அதனால மெதுவாத்தான் படம் விழும். கையால அமுக்காதீங்க, ஆட்டம் வரும். டைமர் வச்சுட்டு ஒதுங்கிருங்க."

"இவ்வளவு ஒழுக்கமா இருக்கச் சொன்னா எப்படிடா?"

"பழிவாங்கறதுன்னா சும்மாவாண்ணே?"

நான் பழிவாங்கப் போவதை இவனிடம் சொல்லவே இல்லை. சீனியம்மாவின் குரூப்பில் இவனும் இருக்கிறான் போல.

ஆனி 16, ஞாயிறு

மஹாலில் முகூர்த்தம். யார் வீட்டுக் கல்யாணமோ. வேட்டி சட்டை போட்டு, ஸ்டாண்டைத் தோளில் வைத்து நுழைந்தேன். பெண் வீட்டார் கேட்டபோது மாப்பிள்ளை வீட்டுக் காமிராமேன் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது பெண் வீடு என்றேன். இரண்டு வீட்டாரும் சேர்ந்து கேட்டபோது, "மண்டபத்து ஆள்" என்றேன். கேசரி கொடுத்தார்கள்.

பந்தி ஆரம்பித்தது. அதே நெரிசல். சர்வர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்கள். பெண்ணின் அப்பா வாசலில் நின்று ஒவ்வொருவரையும், "ஒரு நிமிசம் மாமா, இந்தப் பந்தி எந்திரிச்சுரும் சித்தப்பா" என்று கும்பிட்டுக்கொண்டே இருந்தார். வைகாசியில் நான் நின்ற அதே படிக்கல். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. எனக்கு வேலை இருந்தது.

வாசல் நடுவில் ஸ்டாண்டு. நெஞ்சு உயரம். மட்டம். இருபத்திநாலு. எட்டு. டைமர். ஒதுங்கினேன். இன்னாசி சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை.

வைரமணி அந்தப் பக்கம் வந்தான். என்னைப் பார்த்தும் பார்க்காமல் போனான். அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவன் முகம்தான் அவன் கண்ணில் விழும்.

ஆனி 17, திங்கள்

அந்தக் காமிராவை வெளக்குமாற்றால் அடிக்க வேண்டும்.

படத்தில் பந்திக்கூடம் ஜொலிக்கிறது. சுவர் கூர்மை, மேசை கூர்மை, மின்விசிறிக் கம்பி கூர்மை. ஆட்கள்தான் இல்லை. படம் மெதுவாக விழுந்ததால், கை ஆட்டிச் சாப்பிட்டவர்கள் எல்லாம் புகையாகிவிட்டார்கள். நடந்த சர்வர்கள் காற்றில் கரைந்துவிட்டார்கள். பார்த்தால் காலியாக, விசாலமாக, ஊதுபத்திப் புகை மிதக்கும் கோயில் மண்டபம் மாதிரி இருக்கிறது.

"அண்ணே, இத வைரமணிக்கிட்ட வித்துருங்க. பிரேம் போட்டு மாட்டுவான்," என்றான் இன்னாசி.

"ஆள் விழணும்டா!"

"விழணும்னா ஆள் அசையக் கூடாது."

"சாப்பிடுறவன அசையாதேன்னு எப்படிடா சொல்றது?"

"எனக்கு எப்படித் தெரியும்? என் வீட்ல நான் அசைஞ்சாத்தான் சாப்பாடே."

ஆனி 18, செவ்வாய்

யோசித்தேன். மத்தியானம் தூங்கும்போதும் யோசித்தேன்.

ஆனி 20, வியாழன்

திருமங்கலம் போனேன். ஆடிக்கு அழைக்க வந்ததாகச் சொல்லி, மல்லிகைப்பூவும் பழமும் வாங்கிக்கொண்டேன். சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"வாங்க" என்றார் பேப்பரிடம்.

நாகஜோதி மோர் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்சம் மெலிந்த மாதிரி இருந்தது. சீனியம்மாவிடம் சொல்ல வேண்டாம். என்னிடமும் ஒன்றும் பேசாமல், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவள் கால் விரல் மட்டும் தெரிந்தது.

"ஆடி பொறக்கப் போகுது சம்பந்தி..."

"பொறக்கட்டும். எல்லா வருசமும் பொறக்குது."

"பிள்ளைய ஒரு வாரம்..."

"நான் எளைச்சதும் வர்றோம்." பேப்பரைத் திருப்பினார். "அப்படித்தான சொன்னான் அவன்?"

அவர் நெஞ்சில் தைத்தது சாப்பாடு இல்லை, அந்தச் சொல்தான் என்று அப்போது புரிந்தது. நானும் செல்போனையும் காமிராவையும் எடுத்து இரண்டு படத்தையும் காட்டினேன். வைரமணி போட்ட படம். நான் எடுத்த புகைப்படம், நிஜமாகவே புகை. கதையைச் சொன்னேன். வளைகாப்பு, மீன் கண்ணு, சோழவந்தான் மச்சினி எல்லாம்.

சம்பந்தியின் வயிறு முதலில் குலுங்கியது. முகம் பிறகுதான் சிரித்தது. சட்டென்று நிறுத்திவிட்டு ஏட்டு முகத்தை மாட்டிக்கொண்டார்.

"அது கெடக்கட்டும். நீங்க அட்வான்ஸ் குடுக்கும்போது நேர்ல பாக்கலையா?"

"பாத்தேன் சம்பந்தி. பந்திக்கூடத்த மட்டும் பூட்டி வச்சிருந்தான். சாவி வீட்ல இருக்குன்னான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கதவுக்குப் பின்னால் அந்தக் கால் விரல் அசைந்தது. கொசு கடித்திருக்கும்.

"கேஸ் போட்டா நிக்காது," என்றார். "ஆனா பாராட்டுறதுக்கு எந்தச் செக்சனும் இல்ல. ஆள் அசையாம இருக்கணும், அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான்."

"எங்க ரிட்டயர்டு போலீஸ் சங்கத்துல அப்படிப்பட்ட ஆளுக இருக்காங்க. எல்லாம் என் சைஸ்." எழுந்தார். "இதுக்கும் ஆடிக்கும் சம்பந்தம் இல்ல. இது வேற கேஸ்."

ஆனி 25, செவ்வாய்

இப்படி ஒரு நாள் என் ஆயுசில் வந்ததில்லை. விவரமாக எழுதுகிறேன்.

இன்னாசி முதலில் போய் வைரமணியிடம், புது லென்சு வந்திருக்கிறது, மண்டபத்தைப் புதுசாகப் படம் எடுத்துத் தருகிறேன், ஒரு பைசா வேண்டாம் என்றான். பின்னாலேயே சம்பந்தி சங்கத்து ஆட்களோடு வேனில் இறங்கினார். சங்க ஆண்டு விழாவுக்கு மண்டபம் பார்க்க வந்ததாகச் சொன்னார். ஒவ்வொருவரும் கதவைத் தாண்டும்போது கதவு யோசித்தது.

வைரமணிக்கு வாயெல்லாம் பல். வைகாசியில் நாற்காலியைப் பிடித்து நின்ற ஆளை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. "இலை போட்டு உக்காந்து பாத்தாத்தான் சார் கூடத்தோட அருமை தெரியும்," என்று ஓட்டலில் சாப்பாடு சொல்லி வரவழைத்தான். அதைச் சம்பந்தி கேட்கக்கூட இல்லை. அவனாகவே செய்தான்.

நான் தலையில் துண்டைக் கட்டி, பனியனோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டேன். ஓட்டல்காரன் நான் மண்டபத்து ஆள் என்று நினைத்தான். மண்டபத்துக்காரன் நான் ஓட்டல் ஆள் என்று நினைத்தான்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்பது மரியாதைக்கு. செருகினார்கள். ஒருவர் முழங்கை அடுத்தவர் இலையில். எதிர் வரிசைக்காரர் முட்டி இந்த வரிசைக்காரர் முட்டியோடு.

"எடம் எப்படி சார்?" என்றான் வைரமணி.

"அருமை," என்றார் சம்பந்தி. "ஓனர் நிக்கலாமா? நீங்களும் உக்காருங்க. நடுவுல. படத்துல ஓனர் இல்லாட்டி எப்படி?"

நடுவில் எங்கே இடம்? எழுந்து வழிவிடக்கூட இடம் இல்லை. அவனே மேசைக்கு அடியில் குனிந்து, அந்தப் பக்கம் தலையை நீட்டி, சம்பந்திக்கும் ஒரு ரிட்டயர்டு எஸ்.ஐ.க்கும் நடுவில் முளைத்தான். நெஞ்சு இரண்டு பக்கமும் அமுங்கி, தோள் காதுவரை ஏறியது. அவன் இலையில் பாதியில் சம்பந்தியின் முழங்கை.

நான் பரிமாறினேன். வைரமணிக்குச் சாம்பாரைக் கொஞ்சம் வேகமாக ஊற்றினேன். பிறகு சம்பந்தி இலைக்கு வந்தேன். ஊற்றினேன். அவர் சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை வைத்துப் பிசைந்தார்.

"இது கல்யாணச் சாப்பாடு இல்ல," என்றார் உதட்டை அசைக்காமல்.

பாயசம் ஊற்றினேன். அதையும் கொஞ்சம் கூடுதலாக.

"ஊத்துங்க, ஊத்துங்க. நிறுத்தச் சொன்னேனா?" என்றார்.

வாசல் நடுவில் இன்னாசி. ஸ்டாண்டு நெஞ்சு உயரம். இருபத்திநாலில் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை அளவெடுத்த மாதிரி நின்றது. நாலு பக்கமும் மட்டம் பார்த்தான். ஓரத்து நாற்காலியில் இருந்தவரை உள்ளே தள்ளச் சொன்னான், தலை பூசணிக்காய் ஆகாமல் இருக்க. தள்ளியதில் வரிசை முழுக்க ஒரு முறை 'ஹம்' என்றது. எட்டில் வைத்தான். நடு இலையில் குறி பார்த்தான். டைமரை அமுக்கிவிட்டு ஒதுங்கி, தலையை ஆட்டினான்.

சம்பந்தி நிமிர்ந்தார். மண்டபம் அதிர ஒரு குரல்:

"அட்டேன்சன்!"

வாயில் சோறு வைத்தவர் வைத்தபடி. அப்பளத்தைக் கடித்தவர் கடித்தபடி. ரசத்தை உறிஞ்சியவர் கையைக் குழித்தபடி. ஒரு மீசை அசையவில்லை. வைரமணியும் பயந்துபோய்ச் சிலையாகிவிட்டான். வாய் திறந்தபடி, கண் பிதுங்கியபடி, கவளம் பாதி வழியில்.

'டக்' என்றது.

"ஸ்டாண்ட் அட் ஈஸ்," என்றார் சம்பந்தி. எல்லாரும் மென்றார்கள்.

ஆனி 26, புதன்

இன்னாசி படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான். உப்புமா ஆகவில்லை. வைரமணி மூக்கு நுனியில் ஒரு மோர்த்துளி. ஊறுகாய்க்குள் கடுகு. கூடம் எந்த அளவோ அந்த அளவு, ஒரு விரல்கூடக் கூடவும் இல்லை குறையவும் இல்லை. ரயில் பெட்டியேதான்.

சந்தோசத்தில் பிளெக்ஸ் கடைப் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை போடாமல்.

ஆனி 30, ஞாயிறு

பிளெக்ஸ் ஏறியது. சம்பந்தியே முறைப்படி அனுமதி வாங்கி, அந்த நம்பரையும் அடியில் போட வைத்தார். வாசகம் நான் சொன்னது:

"பந்தி வள்ளல் வைரமணி அவர்களே! உறவுகளை நெருங்க வைத்த உத்தமரே! உங்கள் கூடத்தில் ஒருமுறை உட்கார்ந்தவர் தானாக எழ முடியாது! வாழ்த்தி வணங்கும், முழங்கை இடிபட்டோர் பேரவை."

வைரமணி டீக்கடைக்கு ஓடிவந்தான். வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

"யோவ் மைக் செட்டு! நீதானாய்யா அந்தச் சாம்பார் வாளி? எறக்குய்யா அத!"

"எதுக்குங்க? வாழ்த்துதான போட்ருக்கோம்?"

"என் தொழில்ல மண்ணள்ளிப் போடுறியா?"

"படத்துல இருக்கிறது பூராம் உள்ள இருக்கா இல்லையா?" என்றேன். "ஒரு செவுரு கொறையுதா?"

அவன் வாய் திறந்தது. படத்தில் இருப்பது போலவே இருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் அவனையும் பார்த்தார்கள், பிளெக்ஸையும் பார்த்தார்கள். ஒருவர் டீயைத் துப்பிவிட்டார்.

"போலீசுக்குப் போவேன்!"

பெஞ்சிலிருந்து சம்பந்தி எழுந்தார். "சொல்லுங்க," என்றார்.

போய்விட்டான். சாயங்காலமே கம்ப்யூட்டரில் இருந்த பழைய படத்தை எடுத்துவிட்டதாக இன்னாசி சொன்னான். எனக்கு ஏனோ போதவில்லை. இன்னும் ஒரு வாரம் அவன் தூங்காமல் இருந்தால் தேவலை.

பஸ் ஏறும்போது சம்பந்தி சொன்னார்: "புதன்கெழம ஆடி ஒண்ணு. பிள்ளையக் கூட்டிட்டு வர்றேன். சாயம் வெளுக்குறதுக்குள்ள அவளும் பாக்கணும்ல."

சீனியம்மாவிடம் சொன்னேன். அழுதாள். நான் முகம் கழுவிக்கொண்டு வந்தேன், வெக்கை.

ஆடி 1, புதன்

காலையில் நாகஜோதியும் மாப்பிள்ளையும் சம்பந்தியும் வந்தார்கள். வீடு நிறைந்துவிட்டது. அடுப்படியைப் பார்த்து, "எங்கம்மா அந்த அரமண?" என்று நாகஜோதி கேட்டாள். இங்கே ஒரு சத்தம், அங்கே ஒரு சத்தம். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனாலும் எல்லாம் கேட்டது.

நானும் சம்பந்தியும், காற்று வாங்கிவிட்டு வருகிறோம் என்று டீக்கடைக்குப் போனோம். பெஞ்சு அங்கே சரியாக மஹாலைப் பார்த்துப் போட்டிருக்கிறது. மண்டபம் பிடிக்க ஒரு குடும்பம் காரில் வந்தது. பிளெக்ஸைப் பார்த்தது. காரைவிட்டு இறங்காமலேயே போனது. சம்பந்தி என் தொடையில் தட்டினார். இன்னொரு குடும்பம் வந்தது. உள்ளே போய்விட்டு, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தது. நான் அவர் தொடையில் தட்டினேன். அடுத்த டீ.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது போல. நாகஜோதி குடையைப் பிடித்துக்கொண்டு நேரே வந்து எங்கள் முன்னால் நின்றாள்.

"ரெண்டு பேரும் சாப்பிட வர்றீகளா, இல்ல வைரமணி வீட்லயே சாப்பிட்டுக்கிறீகளா? ஆடி விருந்து ஆறிப்போச்சு."

"இந்தா வந்துட்டோம்மா. இன்னொரு கார் வருது, அத மட்டும்..."

அவள் திரும்பி பிளெக்ஸை மேலும் கீழும் பார்த்தாள். சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"இப்ப ரெண்டு பேரும் இங்கயே பாய் விரிச்சு உக்காந்து பாக்குறீக. அன்னைக்கு ஒருக்கா உள்ள வந்து பாத்திருந்தா இம்புட்டுத் துணி மிச்சம். மாமா, செல்லுல படத்தப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்தாரு எங்கப்பா. அம்மா போய்ப் பாருங்க போய்ப் பாருங்கன்னு கத்துச்சு."

சம்பந்தி டீக் கிளாசைக் கீழே வைத்தார்.

"பந்திக்கூடம் பூட்டியிருந்துச்சுன்னு சொன்னீங்களே சம்பந்தி?"

நான் பிளெக்ஸைப் பார்த்தேன். "இன்னாசி கைவேலையப் பாருங்க. அந்தா, செவுத்துல பல்லி ஒண்ணு இருக்குல்ல? அதோட வாலு..."

"என்னப் பாருங்க."

பார்த்தேன்.

"எத்தன வருசம் ஸ்டேசன்ல ஒக்காந்து பொய்யி கேட்டவன் நான்? நீங்க திருமங்கலத்துல வாயத் தொறந்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"ஒரு நேரத்துல ஒரு குத்தவாளியத்தான் புடிக்கணும். அவன் கேசு முடிஞ்சிருச்சு." எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "வாம்மா, போவோம்."

வீடு வரைக்கும் மருமகளின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கார் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

இலை போட்டார்கள். மாப்பிள்ளை, சம்பந்தி, நான். கையை வீசிச் சாப்பிட இடம் இருந்தது. நாகஜோதிதான் பரிமாறினாள். சோறு, பருப்பு, நெய், கூட்டு, எல்லாம் வந்தது. அப்பளத் தட்டு மட்டும் என் இலையைத் தாண்டிப் போனது.

"எனக்கு அப்பளம்?"

"ஒங்களுக்கு இன்னைக்குக் கெடையாதாம்," என்றாள். "மாமா தீர்ப்பு."

சம்பந்தி தன் இலையில் இருந்த இரண்டு அப்பளத்தையும் ஒன்றாக வைத்து, உள்ளங்கையால் அமுக்கி, நிதானமாக, எனக்கு நன்றாகக் கேட்கும்படி நொறுக்கினார்.